பேய் இருக்கட்டும், முதலில் நீங்கள் வாயை மூடுங்கள்

ஒரு பேய்க் கதையை ஒரு சின்னப் பெண் நிம்மதியாகப் படித்து முடிக்க இந்தச் சென்னையில் இடமே இல்லையா? ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிபி மாத்திரை போட்டாயிற்று. அப்படியும் அடங்கவில்லை.

என் தம்பி மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து மந்தைவெளியில் எங்களோடு தங்கி, தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்த பிள்ளை. தமிழில் அவள் படிப்பதெல்லாம் பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான். "ஒரே ஒரு நாவல் படிடி, அத்தைக்காக" என்று கெஞ்சி, ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புழுதியைத் தின்று, அதற்கு மேல் மிளகாய் பஜ்ஜியையும் தின்று, பத்து சதவீதக் கழிவில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வாங்கினேன்.

வேறு எத்தனையோ இருக்க, ஏன் இது? எனக்குத் தமிழ் வாசிப்புப் பைத்தியம் பிடித்ததே இதில்தான். 1981-இல் குமுதத்தில் தொடராக வந்தபோது எனக்குப் பதினோரு வயது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். ஐந்து குடும்பத்துக்கு ஒரே குமுதம். முதல் உரிமை வீட்டுக்காரப் பாட்டிக்கு, கடைசி உரிமை எனக்கு. என் கைக்கு வரும்போது அட்டையில் காபி வட்டம் இருக்கும், நடுப் பக்கத்தில் எண்ணெய் விரல் இருக்கும், சில வாரம் சமையல் குறிப்புக்காகக் கத்தரித்த ஓட்டையும் இருக்கும். படித்துவிட்டு ராத்திரி கொல்லைப்புறக் கக்கூசுக்குப் போக அம்மாவை எழுப்புவேன். அவளும் அதே அத்தியாயத்தைப் படித்தவள். இரண்டு பேருமாகப் பாட்டியை எழுப்புவோம்.

மறுநாள் காலையில் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போதுதான் உண்மையான கச்சேரி. "ஆவிதான், சந்தேகமே இல்லை" என்று ஒரு குடம். "போடி, சொத்துக்காக எவனோ பண்றான்" என்று இன்னொரு குடம். அப்படியொரு சண்டை. இப்போது யோசித்தால்தான் அந்தச் சண்டையின் அழகு புரிகிறது. அங்கே ஒருத்திக்கும் முடிவு தெரியாது. பாட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வாரம்வரை அத்தனை பேரும் ஒரே இருட்டில் நின்று கத்தினோம்.

இன்றைக்கு என்னவென்றால், நாற்பது வருஷமாக எல்லோருக்கும் முடிவு தெரியும். தெரியாத ஒரே ஜீவன் என் தம்பி மகள். அவளைச் சுற்றி நின்று அத்தனை பேரும் கருத்து சொல்கிறார்கள்.

கதையை நான் சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள். கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்கள், ஒரு சொத்து விவகாரம், அங்கே நடக்கக்கூடாத சில நடக்கின்றன. அதற்கு மேல் ஒரு வரி என்னிடமிருந்து பெயராது.

முதல் நாள். பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாகப் படிக்கிறாள். பன்னிரண்டாம் பக்கம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கீழ் வீட்டு மாமா, மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர், பால் பாக்கெட்டோடு ஏறி வந்தார். அட்டையைப் பார்த்தார். "ஓ, இதுவா! பேயெல்லாம் சும்மாம்மா. கடைசியில பாரு..." என்று ஆரம்பித்து ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை. படித்தவர்களுக்குத் தெரியும் எதைச் சொல்கிறேன் என்று. அதைச் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்திலேயே சயின்ஸை எப்படிப் புகுத்தினார் பாரு, இன்ஜினியர்னா சும்மாவா" என்று தமக்கே ஒரு பாராட்டும் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சரி, ஒரு வார்த்தைதானே, அவளுக்கு அது புரிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புரிந்திருக்காதா! செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அத்தை, படத்தோட போட்டிருக்கான்" என்கிறாள்.

இரண்டாம் நாள் எதிர் வீட்டு மாமி. கீழ் வீட்டு மாமா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. விழாமல் இருக்குமா, எங்கள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நாலடிதான். "அவர் கிடக்கார், நீ கேக்காதே. அது நிஜமான ஆவிதான். எழுதினவரே கடைசியில ஒத்துண்டிருக்கார்" என்றார். அதோடு விட்டிருந்தால் மாமிக்கு அடுத்த தீபாவளிக்கு ரெண்டு டப்பா லேகியம் கொடுத்திருப்பேன். விடவில்லை. ஒத்துக்கொண்டதற்கு அத்தாட்சியாகக் கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து சொன்னார். மாமிக்கு அபார ஞாபகசக்தி. அரை மணி நேரம் கழித்து வந்த கீஸர் ரிப்பேர் ஆளிடம் கீஸரில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை, 1981-இல் வந்த தொடர்கதை மட்டும் வரிக்கு வரி இருக்கிறது.

மாமா கீழிருந்து குரல் கொடுத்தார். மாமி மேலிருந்து பதில் கொடுத்தார். "அப்போ அந்த இடத்துல அது எப்படி நடந்ததாம்?" "நீங்க ஒழுங்கா படிக்கலை!" "நான் மூணு தடவை படிச்சிருக்கேன்!" பிள்ளை டென்னிஸ் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள், மடியில் புத்தகம், முப்பத்தோராம் பக்கம்.

இந்தச் சண்டையே தப்பு என்று நான் சொல்லவில்லை. விஞ்ஞானக் கட்சிக்கும் ஆவிக் கட்சிக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்துத்தான் ஆசிரியர் எழுதியிருக்கிறார். (இதைச் சொன்னதே கொஞ்சம் அதிகம், மன்னிக்கவும்.) நான் இதுவரை நாலு தடவை படித்திருக்கிறேன். இரண்டு தடவை மாமா கட்சி, ஒரு தடவை மாமி கட்சி, கடைசித் தடவை எந்தக் கட்சியும் இல்லாமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மூன்றாவது நிலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அப்படிச் சொன்னால் இங்கே யாரும் விடுவதில்லை. "அதெப்படி, ஏதாவது ஒண்ணு சொல்லணும்" என்கிறார்கள். ஏன் சொல்ல வேண்டும்? நான் என்ன ஐகோர்ட்டா? எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் 2008-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி பலகை வைத்து, டம்ளரைக் கவிழ்த்து, அவரையே கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். வந்தாலும் சொல்ல மாட்டார்.

மூன்றாம் நாள் பறக்கும் ரயில். மந்தைவெளியில் ஏறித் தரமணியில் இறங்குகிற பத்துப் பதினைந்து நிமிஷம். அந்த நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். கோட்டை மாதிரி கான்கிரீட், உள்ளே ஈ காக்கை இல்லை, புறாவின் சிறகடிப்பு மட்டும் எதிரொலிக்கும். பேய்க் கதை படிக்க அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது. அங்கேயும் ஒருவன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "இதுல பயமே வராது சிஸ்டர், வேஸ்ட்" என்றானாம்.

இந்தப் 'பயமே வரலை' கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பேய்க் கதை என்றால் மீட்டர் வைத்து அளக்கிறார்கள். பயந்தேன், நல்ல கதை. பயப்படவில்லை, மோசமான கதை. அதிலும் பயப்படவில்லை என்று சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் விரிகிறது பாருங்கள், ஏதோ எல்லைச்சாமிக்குத் துணை போய்விட்டு வந்தவன் மாதிரி. தம்பி, கூட்டமான ரயிலில், பட்டப்பகலில், காதில் பாட்டு ஓட, கைபேசியில் பத்து நொடிக்கு ஒரு தரம் டிங் டிங் என்க, நீ பயப்படவில்லை. சந்தோஷம். மின்சாரம் போன ராத்திரியில், சிம்னி வெளிச்சத்தில், அடுத்த வீட்டுப் பூனை ஓட்டின் மேல் நடக்க, இதே பக்கத்தைப் படித்துவிட்டு அப்புறம் வந்து சொல்லு. இன்வெர்ட்டர் வந்து பாதிப் பேயை விரட்டிவிட்டது, மீதிப் பேயைக் கைபேசி விரட்டிவிட்டது. பழியைக் கதையின்மேல் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரருடைய நண்பர், தீவிர இலக்கிய வாசகர். ஜிப்பா, துணிப்பை, சர்க்கரை இல்லாத காபி. புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல. "முதல் தமிழ் நாவலா இதையா கொடுக்கறது? இது வணிக எழுத்தும்மா. பேய், பிசாசு, இதெல்லாம் இலக்கியமா?"

படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லை. ஆனா தெரியும்" என்றார்.

நான் அப்போது வாயடைத்துப்போனேன், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பதிலெல்லாம் அவர் கிளம்பிப் போய் டம்ளர் கழுவும்போது வருகிறது. பேய் இலக்கியமில்லையா? ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறிக்கொள்கின்றனவே, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூட மறக்காமல் கவனிப்பு நடக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? காரைக்கால் அம்மையார் தம் பாட்டில் தம்மையே 'காரைக்காற் பேய்' என்று சொல்லிக்கொள்கிறாரே, அவரைப் புத்தகக் காட்சியில் எந்த அரங்கில் வைப்பீர்கள்? அவர் பாடிய திருவாலங்காடு இதோ அரக்கோணம் பக்கத்தில், மின்சார ரயிலில் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். பழையனூர் நீலி கதை நடந்ததாகச் சொல்லும் ஊரும் அதே பக்கம்தான். இந்த மண்ணில் இலக்கியம் பாதி பேயால் நிரம்பியிருக்கிறது, இவர் பேயைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்.

போகிற போக்கில், "பேய்க் கதைதான் வேணும்னா ஹென்றி ஜேம்ஸ் படிக்கணும்" என்று உபதேசம் வேறு. 1898-இல் வந்த 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற ஆங்கிலக் குறுநாவலைத்தான் சொல்கிறார். அதில் வரும் ஆவிகள் நிஜமா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அந்தப் பெண்ணின் மனப்பிரமையா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். பிரமைதான் என்று எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் 1934-இல் கட்டுரை எழுதினார், அதற்கு மறுப்பு எழுதியவர்கள் ஏராளம். அங்கேயும் இதே மாமா, இதே மாமிதான், ஜிப்பாவுக்குப் பதில் கோட்டு. வெள்ளைக்காரன் நூறு வருஷம் பேயா பிரமையா என்று சண்டை போட்டால் விமர்சனம், மந்தைவெளியில் போட்டால் வணிகமா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை கருத்துகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், அது பிள்ளையுடையது. அறுபதாம் பக்கம் வாக்கில், "அத்தை, இந்த வசந்த் ஏன் பார்க்கிற பொண்ணுகிட்டல்லாம் இப்படி வழியறான்? இதைப் போய் ரசிச்சீங்களா?" என்று கேட்டாள். சுருக்கென்றது. ரசித்தோம்தான். எங்கள் அடிபம்பு முழுக்க வசந்த் ரசிகைகள். இன்று அவள் கண்ணால் பார்த்தால் சில இடம் நெருடத்தான் செய்கிறது. அதுதானே கருத்து? படித்தாள், அவளுக்கு ஒன்று பட்டது, கேட்டாள். அதற்காக வசந்தின் மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கைப் பற்றிச் சொன்னேன். கதைக்குக் கதை அதை ஆரம்பிப்பான், சொல்லி முடிக்கவே மாட்டான். "என்னதான் அந்த ஜோக்?" என்றாள். யாருக்கும் தெரியாது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு ஜோக்கின் முடிவு தெரியாமல் இத்தனை வருஷம் இத்தனை வாசகர்கள் சௌக்கியமாக இருந்திருக்கிறார்கள். ஒரு கதையின் முடிவை நாலு நாள் பொத்தி வைத்திருக்க இவர்களால் முடியவில்லை!

நேற்று ராத்திரி தம்பி போன் செய்தான். மகள் தமிழ் நாவல் படிக்கிறாள் என்று கேட்டு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன புத்தகம்?" என்று கேட்டான். பெயரைச் சொன்னாள். "அடடா, அதுவா! கடைசியில அந்த..." நான் போனைப் பிடுங்கி அணைத்தேன். தாமதம்தான்.

இன்று காலையில் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் ஒரு ரயில் டிக்கெட்டைச் செருகி, புத்தகத்தை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டாள். "கோச்சுக்காதீங்க அத்தை. அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே." நான் என்ன கோபித்துக்கொள்ள?

சாயங்காலம் லஸ் பக்கம் போய் வேறு ஒன்று வாங்கி வந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், எழுதியவர் யார் என்றும் சொல்ல மாட்டேன், பேய் உண்டா என்றும் கேட்காதீர்கள். பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் பழுப்புக் காகிதம் ஒரு ரோல் வாங்கி, பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவதுபோல மடித்து அட்டை போட்டு, அவள் பெயர் எழுதி லேபிளும் ஒட்டியாயிற்று. பாடம் என்ற இடத்தில் 'புள்ளியியல்' என்று எழுதியிருக்கிறேன். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கீழ் வீட்டு மாமா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஸ்டாடிஸ்டிக்ஸா? அதுல ஒரு சுலபமான வழி இருக்கு, சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் மாமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.