ஓடிபி கேட்பதற்கு முன்னால் அந்த புளோயரைக் கழற்றுங்கள்

சமையலறை சிம்னிக்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் வருடாவருடம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். கட்டின காசுக்கு உங்கள் வீட்டில் ஒரு தடவையாவது முழு வேலை நடந்திருக்கிறதா? எங்கள் வீட்டில் நடக்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு. கட்டும்வரை அவர்கள் போன் நிற்காது. கட்டியபிறகு நாம்தான் துரத்த வேண்டும். ஒருவழியாக ஆள் வந்தால், சிம்னியின் முன்பக்கக் கண்ணாடியில் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிறார். பில்டரைக் கழற்றி, "வெந்நீர்ல சோப்பு போட்டு ஊறவெச்சுக் கழுவிக்கோங்க மேடம்" என்று என் கையிலேயே கொடுக்கிறார். அதை நான் மாதாமாதம் செய்துகொண்டுதானே இருக்கிறேன்! அதற்குப் பிறகு பையிலிருந்து பாட்டில்கள் வெளியே வருகின்றன. பிசுக்கு எடுக்க ஒன்று, ஸ்டீலுக்கு ஒன்று, அடுப்புக் கண்ணாடிக்கு ஒன்று. வேண்டாம் என்றால் முகம் தொங்கிப்போகிறது. கடைசியில், "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்." சொன்ன நொடியில் அவர்கள் கணக்கில் சர்வீஸ் முடிந்தது.

சிம்னியில் ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய வேலை நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. பில்டருக்குப் பின்னால் மோட்டாரோடு சுழலும் புளோயர். அதன் இறக்கைகளில் எண்ணெய் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, தார் மாதிரி இறுகிவிடும். ஒரு பக்கம் எடை கூடினால் ஆட்டம் காணும், சத்தம் போடும், புகையை இழுப்பது குறையும், மோட்டார் சூடேறும். அதைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பூட்ட வேண்டும். அடுத்தது டக்ட். சிம்னியிலிருந்து சுவர் ஓட்டை வரை போகும் அந்த அலுமினியக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். கீழே அடுப்பு எரிகிறது, மேலே எண்ணெய் தேங்கிய குழாய். தீப்பிடிக்கிற விஷயம் இது! பெரிய உணவகங்களில் அடுப்பில் கிளம்பும் தீ இந்த வழியாகவும் கட்டடத்துக்குள் ஏறலாம். இதைப் பார்க்காமல் கண்ணாடியைப் பளபளப்பாக்கிவிட்டுப் போகிறவர்களிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுவது?

கேட்டால், "இது ஆட்டோ கிளீன் மாடல், கழற்ற வேண்டாம்" என்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹீட்டர் சூடாகி, புளோயரைச் சுற்றி ஒட்டியிருக்கும் எண்ணெயை இளக்கிக் கிண்ணத்தில் வடியவிடும். அவ்வளவுதான். இளகுகிற எண்ணெய் வடியும், நாள்பட்டு இறுகியது வடியாது. டக்டுக்குள் அந்தச் சூடு போகவே போகாது. மூன்று வேளையும் தாளித்து, மிளகாய் வறுத்து, கருவாடு பொரிக்கிற வீட்டில் அந்தப் பொத்தான் மட்டும் போதும் என்று எந்த மனசோடு சொல்கிறார்கள்?

பாத்திரம் கழுவும் மெஷின் கதை இன்னும் மோசம். சென்னையில் எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர், கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடினத் தண்ணீர். மெஷினுக்குள் ரெசின் என்ற குட்டி மணிகள் நிரப்பிய ஒரு தொட்டி இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் போடும் உப்பு அந்த ரெசினுக்குத் திரும்ப உயிர் கொடுக்கும். ஆனால் எவ்வளவு அடிக்கடி என்பதை, தண்ணீரைச் சோதித்துப் பார்த்து செட்டிங்கில் வைக்க வேண்டும். சோதிக்கும் பட்டை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கிற வேலை, ஒரு நிமிடம் ஆகுமா? வந்த ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. தண்ணீர் உள்ளே வரும் குழாயின் சல்லடையில் மணல் அடைத்திருக்கிறதா, தண்ணீரைப் பீய்ச்சும் சுழல் கையின் துளைகளில் உப்புப் படிந்திருக்கிறதா, எதையும் பார்ப்பதில்லை. உப்புப் பாக்கெட்டும் படிவு நீக்கும் டீஸ்கேல் பொடியும் விற்பதற்கு மட்டும் மறப்பதில்லை.

வருகிற தம்பிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. "பாட்டில் வித்தாதான் டார்கெட் முடியும் மேடம், இன்னும் நாலு வீடு பாக்கணும்" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். வேர்த்து வழிய நின்ற அந்தப் பையனை விற்பனையாளனாக்கி அனுப்புகிற நிறுவனத்தின்மேல்தான் கோபம்.

அப்புறம் அந்த ஒப்பந்தத் தாளின் பொடி எழுத்து. கண்ணாடி சேராது, ரப்பர் சேராது, பிளாஸ்டிக் சேராது. தேய்ந்துபோவதே இவைதானே! கதவின் ரப்பர் பீடிங் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது: பாத்திரம் கழுவும் மெஷினின் கதவு ரப்பர், சுழல் கை, வடிகட்டி போன்றவை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்தபிறகும் 10 ஆண்டுகள் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும், கேட்ட 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே கொடுக்க முடிகிறவர்களுக்கு இங்கே ஏன் முடியவில்லை? வெளியே மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல் வேறு.

காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யலாம். நான் செய்துவிட்டேன். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கச் சொல்லி இப்போதே போன் வருகிறது. எடுத்துப் பேசிய பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்: புளோயர், டக்ட், சுழல் கை, தண்ணீர்ச் சோதனை, எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதி அனுப்புங்கள், உதிரிபாக விலைப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். வராவிட்டால் ஒரு ரூபாய் தரமாட்டேன். வாரண்டி முடிந்த என் அக்கா வீட்டுச் சிம்னியை அவர்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அரைநாள் உட்கார்ந்து, புளோயரைத் தனியே எடுத்துக் கழுவி, டக்டையும் மாற்றிக் கொடுத்தார். அந்தக் காசு அவருக்குப் போகட்டும்.