மோதிரத் தட்டும் என் கையும்

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்குப் பெரியம்மா வீடியோ அனுப்பியிருப்பார்கள். "ஏனுங்க்கா, கை கொஞ்சம் நல்லா இருக்கறவங்க யாராச்சும் மோதரத் தட்டப் புடிங்களேன்." இப்படிக் கேட்ட போட்டோகாரத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு க்ளோசப் வேண்டும். ஆனால் பொண்ணுக்குச் சொந்த அத்தை நான். என் கையிலிருந்து தட்டை வாங்கி யாரோ தூரத்து உறவுப் பெண்ணிடம் கொடுத்தபோது மண்டபமே சிரித்ததே, அதுதான் ஜீரணமாகவில்லை. மறுநாள் அண்ணி பார்லர் கூப்பன் வேறு அனுப்பினார்கள். கைக்கும் காலுக்கும் சேர்த்து. கூடவே ஒரு சிவப்பு இதயம்.

உடனே எழுதினால் கோபத்தில் எழுதியதாகிவிடும் என்று மூன்று நாள் ஆறப் போட்டேன். ஆறவில்லை. எழுதுகிறேன்.

என் கையை நான் கவனிக்காமல் இல்லை. சிரித்தவர்களில் பலரையும்விட அதிகமாகவே கவனிக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுகிறது. தினமும் பத்துப் பன்னிரண்டு பேரின் தோளையும் இடுப்பையும் அழுத்த வேண்டும். நகம் விரல் நுனியைத் தாண்டினால் அடுத்தவர் முதுகில் பிறை பிறையாகத் தடம் விழும். ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். விடிகாலையில் ஜிம்மில் எடை தூக்குகிறேன், சாயங்காலம் மாடித் தோட்டத்தில் மண் கிளறுகிறேன். அப்புறம் பாத்திரம் இருக்கிறது, அதை யாரும் வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இந்த மாதிரிக் கைக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்கிறேன். வாரம் ஒரு முறை, குளித்ததும் நகம் ஊறியிருக்கும்போதே வெட்டிவிடுவேன். ஊறிய நகத்தை அரத்தால் தேய்த்தால் பிசிறும், அதனால் காய்ந்த பிறகு ஒரே பக்கமாக நாலு இழுப்பு. கழுவிய கையில் ஈரம் முழுசாகப் போவதற்குள் கிரீம். படுக்கும்போது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், நகக்கண்ணில் வைத்துத் தேய்ப்பேன். பாத்திரத்துக்கு ரப்பர் கையுறை, உள்ளே ஒரு பருத்தி உறை. மண்ணில் கை வைக்கும் முன் சோப்புக் கட்டியை நகத்தால் சுரண்டிக்கொள்வேன். அழுக்கு போய் உட்காரும் இடத்தில் சோப்பு முதலிலேயே உட்கார்ந்துவிடும், கழுவினால் வந்துவிடும். உள்ளங்கைக் காய்ப்பைக் குதிகால் தேய்க்கிற கல்லால் லேசாகத் தேய்ப்பதோடு சரி. மொத்தமாகச் சீவி எடுத்தால் மறுநாள் கம்பியைப் பிடிக்கும்போது தோல் பிய்ந்து வரும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம். இதற்குப் பெயர் கவனிக்காத கையா?

"ஒரு நாள் பார்லர் போனா என்ன குறைஞ்சு போயிருவ?" என்று கேட்பீர்கள். போனேனே! இரண்டு வருஷம் முன்பு தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். நகம் முளைக்கிற இடத்தில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோல், கியூட்டிகிள், அதை "டெட் ஸ்கின்க்கா" என்று வெட்டி எடுத்தார்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவே தண்ணியும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் அண்ணி. மூன்றாம் நாள் வலது கட்டைவிரலில் நகச்சுத்து. விண் விண்ணென்று தெறித்தது. அம்மாவைப் பெத்த அம்மிச்சி எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், எலுமிச்சம்பழத்தோடு அட்சதை போடுகிறவள் நான்தான். கடைசியில் டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார். ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. கட்டைவிரல் இல்லாத பிசியோதெரபிஸ்ட் சும்மா ஆறுதல் சொல்கிற ஆள்தான்.

ஜெல் பாலிஷ் போட்டால் மூன்று வாரம் நிற்குமாம். நிற்கும். எடுக்கும்போது அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டுவார்கள், நகத்தின் மேலேடும் சேர்ந்து வரும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன நகம் முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். ஜெல் பாலிஷில் சேர்க்கிற டிபிஓ (TPO) என்ற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டது. விலங்குகளில் செய்த ஆய்வை வைத்துத்தானே என்பீர்கள். ஆமாம், அப்படித்தான். எனக்கு அது போதும்.

மண்டபத்தில் இலவச வைத்தியமும் நடந்தது. என் நகத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதாம், கால்சியம் கம்மியாம். நகம் கெராட்டின் என்ற புரதம், சுண்ணாம்பு இல்லை. அந்தப் புள்ளி பெரும்பாலும் நகம் முளைக்கிற இடத்தில் எப்போதோ பட்ட சின்ன அடி. இன்னொருவர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொன்னார். அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே எச்சரித்தது, தைராய்டு டெஸ்ட்டும் அதில் அடக்கம். சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள்.

"அலங்காரம் பண்ணிக்கிற பொண்ணுங்களை மட்டம் தட்டறே." இல்லை. தாராளமாகப் பண்ணிக்கொள்ளுங்கள். ஆடிக்கு நானும் மருதாணி அரைத்து வைத்துக்கொள்கிறவள்தான். அடுத்தது.

மாப்பிள்ளையின் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. தாம்பூலத் தட்டு மாற்றியது அந்தக் கைதான், எடுத்ததும் அந்தக் கேமராதான். "உழைச்ச கைய்யா அது" என்று பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் பெருமைப்பட்டார். அப்போ என் கை என்ன பண்ணிச்சு? திருடிச்சா?

சரி, சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். "சித்தாள் கை மாதிரி" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எனக்கு வலித்தது எனக்காக இல்லை. இரண்டாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் 22 வருஷம். நூல் அறுத்து அறுத்து இரண்டு ஆள்காட்டி விரலிலும் கோடு கோடாக இருக்கும், சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். அண்ணன் இன்ஜினீயரிங் படித்ததும் நான் பிசியோ படித்ததும் அந்த விரலில்தான். அந்த அண்ணன் மகள் நிச்சயத்தில்தான் இத்தனையும். எல்லோரும் சிரித்தபோது அம்மா மெதுவாகத் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன். வீடியோவில் அது இல்லை.

அண்ணன் சிரித்தானா என்று கேட்காதீர்கள்.

கூப்பனைக் கிழித்து, அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுவதாகத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்கள். அப்புறம், "கால் வெடிப்புக்கும் பாப்பாங்களா கண்ணு?" என்றார்கள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். கியூட்டிகிளில் யாராவது கத்தரியை வைக்கட்டும், அப்புறம் இருக்கிறது.