ஆய்வு முடிவைக் கடை வாசலில் ஒட்டுங்கள்

போன மாதம் ஒரு நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்த இரவே என் மகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அந்தக் கடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கடை பளிச்சென்றுதான் இருந்தது, தரையில் முகம் பார்க்கலாம்.

ஆனால் கிருமிக்குத் தரையின் பளபளப்பு ஒரு பொருட்டே அல்ல. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிடைத்தால் அது மளமளவென்று பெருகும். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். திரும்பக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்றே நானும் நினைத்திருந்தேன். ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி கொதியில் சாகும், அது உணவில் விட்டுப்போன நஞ்சு போகாது. நிறத்திலும் வாசனையிலும் எதுவும் தெரியாது.

சமையலறைக்குள் நுழைந்து உணவில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதும், பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வேறு எதை நறுக்குகிறார்கள் என்று கேட்பதும் நம்மால் ஆகாத காரியம். நமக்காக அதைச் செய்பவர் சுகாதார ஆய்வாளர். அவர் பார்த்தது கோப்புக்குள் போய்விட்டால் சாப்பிடுகிறவனுக்கு என்ன பயன்? திடீர் சோதனை, கெட்டுப்போனதைக் கொட்டுகிற படம், அபராதம், இரண்டு நாள் பேச்சு. அப்புறம்?

டென்மார்க்கில் 2001 முதல் ஆய்வறிக்கையைச் சிரித்த முகமோ வாடிய முகமோ போட்டு வாசலிலேயே ஒட்டவைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1998 முதல் ஏ, பி, சி என்ற அட்டை. வேல்ஸில் 0 முதல் 5 வரையான மதிப்பெண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2013இல் சட்டமாக்கினார்கள். பக்கத்து இங்கிலாந்தில் அதே மதிப்பெண்ணை ஒட்டுவது கடைக்காரர் விருப்பம். 1 வாங்கியவர் எதற்கு ஒட்டப்போகிறார்?

சிறிய கடைக்காரருக்கு ஒரு மோசமான நாள் பிழைப்பையே கெடுத்துவிடுமே என்பார்கள். நியாயமான பயம்தான். குறையைச் சரிசெய்து அவர் கூப்பிட்டதும் ஆய்வாளர் மறுபடி வர வேண்டும், புது மதிப்பெண் தர வேண்டும். அதற்குப் போதிய ஆட்களை நியமிக்காமல் கடைக்காரரை மட்டும் மிரட்டுவது தவறு.

மகள் தேறிவிட்டாள். நேற்று அந்தக் கடையைத் தாண்டிப் போனேன், நல்ல கூட்டம். அங்கே கடைசியாக ஆய்வு எப்போது நடந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.