கோல் விழுந்தும் கூவ முடியவில்லை

பந்து வலைக்குள் புகுந்த அந்தக் கணத்தில் எழுந்து நின்று கூவுவதற்காகவே இரவெல்லாம் கண்விழித்துக் கால்பந்து பார்க்கும் எங்களைப் போன்ற புதுச்சேரிக்காரர்கள், அதிலும் பிரான்ஸ் அணியைத் தங்கள் சொந்த அணியாகவே நினைப்பவர்கள், இப்போது அந்தக் கூவலைத் தொண்டையிலேயே அடக்கிக்கொண்டு காணொளியும் கணினியும் சரிபார்த்துச் சொல்லும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2022 உலகக் கோப்பையில், அரங்கக் கூரையின் அடியில் பொருத்தப்பட்ட 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை நொடிக்கு 50 முறை கணக்கிட்டன; பந்துக்குள் இருந்த உணர்கருவியோ நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இத்தனையும் ஒருவருடைய தோள் ஆஃப்சைடில், அதாவது தன் அணியினர் பந்தை உதைத்த கணத்தில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி, இருந்ததா என்று அறிவதற்காக! எதிரணியின் கோல் அருகே போய்க் காத்துக் கிடப்பதைத் தடுக்க வந்த விதி அது. விரற்கடை தூரத்தைத் தண்டிக்க வந்ததன்று.

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்து கோல் கோட்டைத் தாண்டியதை ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன், ஏனெனில் அது ஆட்டத்தை நிறுத்துவதில்லை. விம்பிள்டன் டென்னிஸில் 2025 முதல் கோட்டு நடுவர்களே கிடையாது. கால்பந்து நடுவருக்கும் அந்த நாள் வரக்கூடும் என்று அஞ்சுகிறேன். எங்கள் கடற்கரையில் பந்து உதைக்கும் சிறுவர்கள்கூட, கோல் விழுந்தவுடன் கட்டிப்பிடித்துக் குதிக்காமல், காணொளியைப் பார்க்க நடுவர் காட்டும் சைகையைப் போலக் காற்றில் விரலால் திரைச் சதுரம் வரைந்து சரிபார்க்கக் கேட்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் தவறென்று தெளிவாகாத எதற்கும் மைதானத்து நடுவரின் முதல் தீர்ப்பே நிற்க வேண்டும்.