மலிவு விமானம் வந்தால் மற்றவர்களின் கட்டணமும் அசையும்

மலிவுக் கட்டண விமான நிறுவனம் உள்நாட்டுப் பாதையொன்றில் இறங்கினால் அதில் ஏறுபவருக்கு மட்டுமே பணம் மிச்சம், பழைய நிறுவனங்களின் கட்டணம் அசையாது என்ற கருத்து இங்கே பலரால் பகிரப்படுகிறது. பணிவுடன் ஒரு திருத்தம். இலங்கையில் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு எந்த சாதாரண பஸ்ஸில் ஏறினாலும் ஒரே கட்டணம், ஏனெனில் அதை நிர்ணயிப்பது அரசு. அந்தப் பழக்கத்தில் நாம் இப்படி நினைப்பது இயல்பே. ஆனால் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்க 1978இல் சட்டம் இயற்றிய அமெரிக்காவில், சவுத்வெஸ்ட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் நுழைந்த பாதைகளில் போட்டி நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைத்ததையும், பயணிகள் தொகை பெருகியதையும் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் 1993இலேயே ஆராய்ந்து, அதற்கு 'சவுத்வெஸ்ட் விளைவு' என்று பெயரிட்டது.

சரிபார்ப்பது எளிது. அதே திணைக்களம் காலாண்டுதோறும் இலவசமாக வெளியிடும் உள்நாட்டுக் கட்டண அறிக்கையில், இரு நகரங்களுக்கிடையே அதிகப் பயணிகளை ஏற்றும் நிறுவனத்தின் சராசரிக் கட்டணமும், மிகக் குறைவாக வாங்கும் நிறுவனத்தின் சராசரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மலிவு நிறுவனம் வருவதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையையும் பிந்தையதையும் எடுத்து, அதே காலாண்டில், முதலாவது எண்ணை மட்டும், இரண்டிலும் அது அதே பழைய நிறுவனத்தின் எண்தானா என்று பார்த்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். (பயணப்பொதிக்கான தனிக் கட்டணம் அதில் சேராது என்பதையும் மனதில் கொள்ளவும்.)