கொலையாளி கிடக்கட்டும், அந்த ஸ்வெட்டரைப் பின்னியது யார்?

நேற்று இரவு ஒரு துப்பறியும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பிணம் கிடைத்துவிட்டது, மழை கொட்டுகிறது, துப்பறியும் அதிகாரி வாசலில் நின்றுகொண்டு யாரையோ முறைக்கிறாள். வீட்டில் எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினேன்.

"என்னம்மா இப்போ?" என்றாள் மகள்.

"அவள் இடது கையைப் பார். மணிக்கட்டிலிருந்து மூன்றாவது முறுக்கு."

"அம்மா, கொலை செய்தது யார் என்று பார்க்கலாமா, ஸ்வெட்டர் பின்னியது யார் என்று பார்க்கலாமா?"

ஸ்வெட்டர் பின்னியது யார் என்றுதான் பார்க்க வேண்டும்! கொலையாளியை எப்படியும் எட்டாவது பகுதியில் அவர்களே காட்டிவிடுவார்கள். பின்னியவரை எந்தப் பகுதியிலும் காட்டப்போவதில்லை.

அந்த முறுக்கில் என்ன விசேஷம் என்று சொல்கிறேன். கேபிள் என்கிற முறுக்குப் பின்னலைப் போடும்போது சில கண்ணிகளை, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையங்களை, தனி ஊசியில் எடுத்து நிறுத்திவைத்து, அடுத்த கண்ணிகளைப் பின்னிவிட்டு, அப்புறம் நிறுத்தியதைப் பின்னுவோம். சடை மாதிரி ஒரு முறுக்கு விழும். தனி ஊசியைத் துணிக்கு முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். அந்த அதிகாரியின் கையில் வரிசையாக எல்லா முறுக்கும் இடப்பக்கம் சாய, மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நிரல் போட்டு ஓட்டுகிற இயந்திரம் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இப்படித் தடுமாறாது. தூக்கக் கலக்கத்தில், கடைசியாக ஒரு வரிசை பின்னிவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்த ஒரு ஆள்தான் இப்படிச் செய்வார். நானே செய்திருக்கிறேன். ஒரு சாண் பின்னிய பிறகு கண்ணில் பட, பிரிக்க மனம் வராமல், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருக்கிறேன்.

நான் பார்க்கிறேனே! அதுதானே என் பிரச்சினையே.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். நடுத்தரத் தடிமன் நூலில் 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 220 கண்ணி. உடம்பு, இரண்டு கை, கழுத்து எல்லாம் சேர்த்தால் 50,000 கண்ணியைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 30 கண்ணி என்று ஓடினால்கூட 27, 28 மணி நேரம். இது தண்ணீர் குடிக்காமல், எண்ணிக்கை தவறாமல், ஒரு கண்ணிகூட நழுவாமல், கேபிள் எதுவும் இல்லாத வெறும் பின்னலுக்கு. கேபிள் வந்தாலே வேகம் பாதியாகும். அப்புறம் கை இணைப்பது, நூல் முனைகளை உள்ளே செருகுவது, நனைத்து அளவுக்கு விரித்துக் காயவைப்பது எல்லாம் தனி. காயவைப்பதை நான் வேலையில் சேர்க்கவில்லை, ஆனால் அந்த இரண்டு நாளும் பத்து தடவை தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைச் சேர்க்கத்தான் வேண்டும்.

இத்தனையும் செய்த ஆளின் பெயரைத் தேடி முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து பார்த்தேன். கார் ஓட்டியவர் பெயர் இருந்தது. சாப்பாடு போட்டவர் பெயர் இருந்தது. நாயைப் பழக்கியவர் பெயர் இருந்தது. அந்த நாய் மொத்தம் இரண்டு தடவைதான் குரைத்தது. அந்த ஸ்வெட்டர் எல்லாப் பகுதியிலும் வருகிறது, அதிகாரி கதறி அழுவதும் அதில்தான், துப்பாக்கி தூக்குவதும் அதில்தான். உடை வடிவமைப்பாளர், அவருடைய உதவியாளர், உதவியாளரின் உதவியாளர் வரைக்கும் பெயர் போட்டார்கள். ஊசி பிடித்த கைக்கு ஒரு வரி கிடையாது. சாப்பாடு போட்டவர் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பசிக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இன்னும் ஒரு வரி சேர்த்தால் திரை கிழிந்துவிடுமா என்றுதான் கேட்கிறேன்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? 1974-இல் பிரிட்டன் தொலைக்காட்சியின் 'டாக்டர் ஹூ' தொடரில் டாம் பேக்கர் நாயகன் வேடத்தில் நடிக்க வந்தபோது அவருக்கு ஒரு கழுத்துச் சால்வை தேவைப்பட்டது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்செசன், பெகோனியா போப் என்கிற பெண்மணியிடம் பல நிறத்தில் நூலைக் கொடுத்தார். எவ்வளவு பின்னுவது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அந்த அம்மாள் கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார்! தரையில் புரளும் அந்தச் சால்வைதான் அந்தப் பாத்திரத்தின் அடையாளமே ஆனது. பெகோனியா போப் என்ற பெயர் நமக்குத் தெரிவதால்தான் இந்தக் கதையும் தெரிகிறது. நூல் தீரும்வரை ஊசியைக் கீழே வைக்காத அந்த மனசு எனக்கு நன்றாகவே புரிகிறது, நானும் அந்த ஜாதிதான்.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரோஜர்ஸ் ஒவ்வொரு முறையும் உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். அவற்றைப் பின்னியது அவருடைய அம்மா நான்சி. அதை அவர் ஊருக்கே சொன்னார். அவற்றில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று 1984-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. பெற்ற பிள்ளை சொன்னால்தான் பெயர் வரும் என்றால் மற்றவர்கள் எங்கே போவது?

இன்னொரு பக்கம், கையால் செய்தது என்றாலே 'பின்னியது' என்று எழுதிவிடுகிறார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பதவியேற்பில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கையுறையோடு நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் அதைப் பின்னிய கையுறை என்று எழுதினார்கள்! அது பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வெட்டித் தைத்தது. செய்தவர் ஜென் எல்லிஸ் என்ற ஆசிரியை. வெட்டித் தைப்பது வேறு, பின்னுவது வேறு. பின்னிய துணியில் கத்திரி வைத்தார்கள் என்று கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி கதைக்குள் பின்னுகிறவர்கள். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்புதான். தொடரில் ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பின்னுவாள். இரண்டு ஊசியையும் முட்கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு முனைகளை ஒன்றோடொன்று உரசுவாள். நூல் விரலில் சுற்றியிருக்காது, மடியில் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். அடுத்த காட்சியில் மூன்று மாதம் ஓடியிருக்கும்; பேத்திக்குக் குழந்தையே பிறந்திருக்கும்; பாட்டியின் ஊசியில் அதே ஆறு அங்குலம் தொங்கும். இன்னொரு தொடரில் கையில் குரோஷே போடுகிற கொக்கி ஊசி ஒன்றே ஒன்று, மடியில் இருப்பதோ இரண்டு ஊசியில் பின்னிய துணி. குரோஷேவுக்கும் நிட்டிங்குக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஒரு ஆள்கூடவா அந்தப் படப்பிடிப்பில் இல்லை?

அந்தச் சத்தம் இருக்கிறதே! மூங்கில் ஊசியைக் காட்டிவிட்டு 'டிக் டிக் டிக்' என்று இரும்புச் சத்தம் சேர்த்திருப்பார்கள். மூங்கில் ஊசியில் பக்கத்தில் தூங்குகிறவர்கூட விழிக்க மாட்டார். அதற்காகத்தானே ராத்திரியில் மூங்கில் எடுப்பது. துப்பாக்கி எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நடிகருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், பியானோ வாசிப்பதற்குக் கைக்கு மாற்று ஆள் வைக்கிறார்கள். ஊசியை மட்டும் எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஏனென்றால் அது பாட்டி செய்கிற வேலை, யாருக்குத் தெரியப்போகிறது!

இதையெல்லாம் வீட்டில் சொன்னால், "நீ தொடரைப் பார்க்கவே வேண்டாம், துணிக்கடை விளம்பரம் பார்" என்கிறார் வீட்டுக்காரர். விளம்பரமும் பார்த்தேன். அதில் வந்த பெண் பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

சண்டை போட்டு ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். தொடர் ஓடியது. அடுத்த பகுதியில் அதிகாரி குற்றவாளியைத் துரத்திக்கொண்டு ஆற்றில் குதிக்கிறாள். கரையேறி, நனைந்த கையை நீட்டிச் சங்கிலியைப் பிடிக்கிறாள், கேமரா அந்தக் கைக்கு மிக அருகில் போகிறது. இடது கை. மணிக்கட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. எல்லா முறுக்கும் இடப்பக்கம். ஒன்றுகூடத் தவறவில்லை.

வேறு ஸ்வெட்டர்! தண்ணீரில் நனைக்க இன்னொன்று பின்ன வைத்திருக்கிறார்கள். இன்னொரு 50,000 கண்ணி, அதே கேபிள், முதலிலிருந்து. இந்த முறை அந்த மூன்றாவது முறுக்கைத் திருத்தியும் இருக்கிறார்.

பெயர்ப் பட்டியல் ஆரம்பித்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். எழுத்துகள் மூலையில் எறும்பு அளவுக்குச் சுருங்கின. 'அடுத்த பகுதி 5 விநாடிகளில்' என்று மேலே வந்து நின்றது. ரிமோட் மகள் கையில் இருந்தது.