ஹாப்பிப்பும் அதற்குக் கிடைக்காத காற்றும்

கற்பனை உயிர்களை வளர்த்துச் சண்டையிட வைக்கும் போக்கிமான் வீடியோ விளையாட்டை ஆடுபவர்களிடம், அந்த உயிர்களில் ஒன்றான ஹாப்பிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதையெல்லாம் யார் வளர்ப்பார்கள்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த அலட்சியத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1999 நவம்பரில் ஜப்பானில் வெளியான கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் முதன்முதலாகத் தலைகாட்டிய இந்த உயிருக்கு ஆறு அடிப்படைத் திறன்களையும் கூட்டினால் 250 தான் தேறும். மேஜிகார்ப் என்னும் மீன் போக்கிமானைப் போலவே 'ஸ்ப்ளாஷ்' என்னும் எதற்கும் பயன்படாத துள்ளலோடுதான் இதுவும் வாழ்க்கையைத் தொடங்குகிறது. அந்த விளையாட்டுகளில் பத்தாம் லெவலில் 'டேக்கிள்' என்னும் மோதல் தாக்குதலைக் கற்கும்வரை எதிரியின்மேல் ஒரு கீறல் போடுவதற்கும் இதனிடம் வழி கிடையாது. புல் வகை, பறக்கும் வகை என்று இரட்டை முத்திரை குத்தியிருந்தாலும், லெவல் ஏற ஏறத் தானாகக் கற்றுக்கொள்ளும் பட்டியலில் பறக்கும் வகைத் தாக்குதல் ஒன்றுகூட அன்று இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஹாப்பிப், ஸ்கிப்ளூம், ஜம்ப்ளஃப் என்ற இந்த வரிசை, ஒரு செடியின் வாழ்க்கையை உண்மையாகவே உற்றுப் பார்த்து உருவாக்கப்பட்ட மிகச் சில போக்கிமான்களில் ஒன்று என்பதே என் கருத்து. குறை அதன் வடிவமைப்பில் இல்லை. அதைக் களத்தில் இறக்கிய சண்டை விதிகளில் இருக்கிறது.

வரிசையைக் கவனியுங்கள். ஹாப்பிப்பின் தலையில் இருப்பவை வெறும் இலைகள். 18-ஆம் லெவலில் ஸ்கிப்ளூமாக மாறும்போது அங்கே மஞ்சள் பூ மலர்கிறது. 27-ஆம் லெவலில் பூ மறைந்து, தலையிலும் இரு கைகளிலும் பஞ்சுருண்டைகளோடு ஜம்ப்ளஃப் வந்து நிற்கிறது. இலை, மஞ்சள் பூ, பஞ்சு என்ற இந்த ஒழுங்கு ஜப்பானின் வயலோரங்களில் வசந்த காலத்தில் நிறைந்திருக்கும் டேன்டிலியன் செடியினுடையது. நம் ஊர்ப் பிள்ளைகள் தாத்தாப் பூச்சி என்று துரத்திப் பிடிக்கும் எருக்கம்விதை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், அது பறப்பதும் ஏறத்தாழ இதே உத்தியில்தான். ஒரே ஒரு முரண்: பஞ்சாக மாற மாற எடை குறைவதற்குப் பதிலாக அரைக் கிலோ, ஒரு கிலோ, மூன்று கிலோ என்று கூடிக்கொண்டே போகிறது. இதற்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

உண்மையான அழகு, விளையாட்டுக்குள்ளேயே உள்ள போக்கிமான் கையேடான போக்கிடெக்ஸின் குறிப்புகளில் இருக்கிறது. ஹாப்பிப்பின் உடல் மிக இலேசானது என்பதால், காற்று அடித்துச் சென்றுவிடாதபடி கால்களால் தரையை இறுகப் பற்றிக்கொள்கிறது. பலத்த காற்று வரப்போவதை உணர்ந்தால் அக்கம்பக்கத்து ஹாப்பிப்களோடு இலைகளைக் கோத்துக்கொண்டு கூட்டமாக நிற்கிறது. இளங்காற்று என்றால் மகிழ்ச்சியோடு மிதக்கிறது. வயல்களிலும் மலைகளிலும் அவை கூடினால் வசந்தம் நெருங்கிவிட்டது என்று மக்கள் சொல்கிறார்கள். ஸ்கிப்ளூமின் பூ ஏறத்தாழ 18 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறும்போதுதான் விரிகிறது, எவ்வளவு விரிகிறது என்பதும் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகவே சிலர் அதை வெப்பமானியாகவே பயன்படுத்துகிறார்கள். ஜம்ப்ளஃப் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் ஏறிக் கடலைத் தாண்டி அயல்நாடுகளுக்குப் போகிறது. வழியில் குளிர்ந்த காற்று எதிர்ப்பட்டால் தரையிறங்கிவிடுகிறது. ஆக, எந்தக் காற்றை ஏற்பது, எதை மறுப்பது, எங்கே இறங்குவது என்ற தெரிவு மூன்று நிலைகளிலும் இருக்கிறது.

நிஜச் செடியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. டேன்டிலியன் விதையின் உச்சியில் ஏறத்தாழ நூறு மெல்லிய இழைகள் குடைபோல விரிந்திருக்கின்றன; அந்தக் குடையின் பரப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். இவ்வளவு ஓட்டையான குடை எப்படித் தாங்குகிறது என்ற கேள்விக்கு எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் விடை கண்டார்கள். இழைகளின் இடைவெளி வழியே அளவோடு மேலேறும் காற்று, குடைக்குச் சற்று மேலே, அதைத் தொடாமலே ஒரு சுழல் வளையமாக நின்று, விதை விழும் வேகத்தைக் குறைக்கிறது. முழுத்துணியாக மூடியிருந்தால் அந்த வளையம் அப்படி நிலைத்து நிற்காது. அதோடு, ஈரப்பதம் கூடிய நாள்களில் இந்தக் குடை தானே மடங்கிக்கொள்கிறது. விதை தாய்ச்செடியிலேயே தங்கிவிடுகிறது. இதைப் படித்த பிறகு ஸ்கிப்ளூமின் வெப்பமானிப் பூவை வெறும் குழந்தைக் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இனி சண்டை விதிகளுக்கு வருவோம். ஓரிடத்தில் மட்டும் விதியும் கதையும் அற்புதமாகப் பொருந்துகின்றன. புல் வகைக்கும் பறக்கும் வகைக்கும் பனி வகை ஆகாது என்பதால், இரண்டும் சேர்ந்த ஜம்ப்ளஃப்பைப் பனித் தாக்குதல் நான்கு மடங்கு தாக்குகிறது. குளிர்காற்று பட்டால் தரையிறங்கும் உயிருக்கு இதைவிடச் சரியான பலவீனம் இருக்க முடியாது. ஆனால் அதே கணக்கின்படி, பிட்ஜி சிறகடித்து எழுப்பும் 'கஸ்ட்' என்னும் சாதாரணக் காற்றும் ஹாப்பிப்பை இரண்டு மடங்கு தாக்குகிறது! காற்றில் வாழும் உயிருக்குக் காற்றே பகை. 'வேர்ல்விண்ட்' என்னும் சூறைக்காற்றோ, 460 கிலோ ஸ்னார்லாக்ஸையும் அரைக் கிலோ ஹாப்பிப்பையும் ஒரே மாதிரி களத்திலிருந்து விரட்டுகிறது. வெயில், மழை, மணற்புயல், ஆலங்கட்டி அல்லது பனி ஆகியவற்றுக்கெல்லாம் வானிலை விதி உண்டு. வெயிலில் ஜம்ப்ளஃப்பின் வேகம் இரட்டிப்பாவதற்கு 'குளோரோஃபில்' என்னும் தன்மை உண்டு. காற்றுக்கு மட்டும் வெகுகாலம் ஒன்றும் இல்லை. 2014-இல் பறக்கும் வகையின் பலவீனங்களை நீக்கும் பலத்த காற்று என்றொரு வானிலை வந்தது. அதுவும் மெகா ரேக்வாஸா என்னும் ஒரே போக்கிமானின் தனிச்சொத்தாகவே போயிற்று.

2022-இல் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகள் வந்தபோது ஒருவழியாகக் காற்றுக்கு விதி எழுதினார்கள். 'விண்ட் ரைடர்' என்னும் தன்மை உள்ள போக்கிமானைக் காற்றுவகைத் தாக்குதல்கள் ஒன்றும் செய்யாது. மாறாக அதன் தாக்குதல் திறன் ஒரு படி உயரும். அது யாருக்குக் கிடைத்தது? அதே விளையாட்டில் புதிதாக வந்த, காய்ந்த முட்புதராக உருண்டு திரியும் பிராம்ப்ளினுக்கு. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. காற்று போன பக்கமெல்லாம் இலக்கின்றி உருளும் பேய்ப்புதருக்கு அது தகும். ஆனால் 2002-இலிருந்தே இருக்கும், 59.6 கிலோ எடையுள்ள ஷிஃப்ட்ரிக்கும் பழைய தன்மை ஒன்றை எடுத்துவிட்டு இதைக் கொடுத்தார்கள். இலை விசிறியால் காற்றை எழுப்புகிறவருக்குக் கிடைத்தது, காற்றிலேயே கடல் கடக்கிறவருக்குக் கிடைக்கவில்லை. முந்தைய தலைமுறையின் ஸ்வோர்ட், ஷீல்டில் இடமே இல்லாமல் விடப்பட்டு, ஸ்கார்லெட், வயலட்டில் இடம்பெற்ற ஹாப்பிப்புக்கு இப்படி ஒரு வரவேற்பு!

விண்ட் ரைடரை அப்படியே ஜம்ப்ளஃப்புக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'பிளிஸர்ட்', 'ஐசி விண்ட்' இரண்டும் காற்றுவகைப் பட்டியலில் இருப்பதால், கொடுத்தால் குளிர்காற்றையும் அது தாங்கிவிடும்; மேலே சொன்ன அந்த ஒரே பொருத்தமும் கெட்டுவிடும். தவிர, தாக்குதல் திறன் 55 மட்டுமே உள்ள உயிருக்கு அதை ஒரு படி உயர்த்தி என்ன ஆகப்போகிறது?

நான் கேட்பது வேறு. பனி அல்லாத காற்றுவகைத் தாக்குதல் பட்டால், அடி வாங்காமல் அந்தக் காற்றோடு மிதந்து ஜம்ப்ளஃப் அணிக்குத் திரும்ப வேண்டும். அதன் இடத்துக்கு நாம் விரும்பும் வேறொரு போக்கிமான் வர வேண்டும். இது கேள்விப்படாத விதி அன்று. உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும் தானாகப் பின்வாங்கும் தன்மை 2016-இலேயே கொலிசொபாடு என்னும் போக்கிமானுக்குக் கிடைத்துவிட்டது. ஜம்ப்ளஃப்பை வைத்து ஆடுகிறவர்கள் இப்போதும் 110 என்ற அதன் வேகத்தை நம்பி, எதிரியை 'ஸ்லீப் பவுடர்' தூவித் தூங்கவைத்து, 'லீச் சீட்' விதையை அதன்மேல் ஊன்றிவிட்டு விலகவே பார்க்கிறார்கள். ஊன்றியவர் களத்தைவிட்டுப் போன பிறகும் அந்த விதை எதிரியிடமிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய உயிர்ச்சத்து அந்த இடத்தில் அடுத்து வந்து நிற்பவருக்குப் போய்ச் சேரும். இந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. அதோடு காற்றையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.